தரையில் நகர்வதைக் காட்டிக்கொடுக்கும் ரேடார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடார் என்றதும் பலருக்கும் விமான நிலையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் பெரிய ஆன்டெனாதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது அதன் குட்டித் தம்பியைப் பற்றி. முக்காலியில் நிற்கும், ஓரிருவர் முதுகில் தூக்கிக்கொண்டு மலையேறிவிடலாம். வானத்தைப் பார்க்காது, தரையைப் பார்க்கும். இருட்டில் நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் நடந்தால் சொல்லிவிடும்.

பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் நடத்துகிறேன். ரேடார் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் கேட்பதையும், எல்லையில் பணியாற்றி ஊர் திரும்பிய உறவினர்களும் நண்பர்களும் கேட்டதையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

தரைக் கண்காணிப்பு ரேடார் என்ன வேலை செய்கிறது?

ஒரு நிலப்பரப்பைத் தொடர்ந்து துழாவி, அதில் நகரும் ஆட்களையும் வண்டிகளையும் கண்டுபிடித்து, எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறார்கள் என்று சொல்கிறது. ராணுவம், எல்லைக் காவல், விமான நிலையச் சுற்றுச்சுவர், அணு மின்நிலையம், எண்ணெய்க் கிணறு, வனக்காப்பகம் என்று பல இடங்களுக்கு இது பொருந்தும்.

மரம், பாறை, வீடு எல்லாமே அலையைத் திருப்பி அனுப்புமே? அவற்றை விட்டுவிட்டு ஆளை மட்டும் எப்படிப் பிரிக்கிறது?

இதுதான் இந்த ரேடாரின் உயிர்நாடியான கேள்வி.

தரையிலிருந்து வரும் எதிரொலி மிகப் பெரியது. வயல், வரப்பு, பாறை எல்லாம் சேர்ந்து அனுப்பும் எதிரொலி, ஒற்றை மனிதனிடமிருந்து வருவதைவிடப் பல ஆயிரம் மடங்கு வலுவாக இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் குரலைத் தேடுவது மாதிரி. எதிரொலியின் வலுவை மட்டும் நம்பினால் ஆள் அகப்படவே மாட்டார்.

வழிகாட்டியவர் ஆஸ்திரியரான கிறிஸ்டியன் டாப்ளர். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஹாரன் கீச்சென்றும், கடந்து போனதும் சற்றுத் தாழ்ந்தும் கேட்கிறதே, அதன் காரணத்தை 1842-இல் கணக்காக எழுதியவர் அவர். அவர் யோசித்தது ரயிலைப் பற்றி அல்ல, இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி. மூன்று ஆண்டுகள் கழித்து, 1845-இல், நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற அறிவியலாளர் ஓடும் ரயிலில் ஊதுகுழல் வாசிப்பவர்களை ஏற்றிவிட்டு, தண்டவாளத்தின் ஓரம் நின்ற இசைஞர்களின் காதை வைத்தே அந்தக் கணக்கைச் சோதித்தார்.

ரேடாரிலும் இதேதான் நடக்கிறது. நிற்கும் பாறையிலிருந்து திரும்பும் அலை, போன அதே அதிர்வெண்ணில் வரும். நம்மை நோக்கி நடப்பவரிடமிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் ஒரு துளி கூடியிருக்கும். விலகிப் போகிறவர் என்றால் ஒரு துளி குறையும். அந்தத் துளியின் அளவு: வேகத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுக்க வேண்டும். 16 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நொடிக்கு ஒன்றரை மீட்டர் நடப்பவருக்குக் கிடைக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 160 ஹெர்ட்ஸ். ஆயிரத்து அறுநூறு கோடியில் வெறும் நூற்று அறுபது! ஆனாலும் அனுப்பிய அலையையும் வந்த அலையையும் கலந்தால் அந்த 160 மட்டும் தனியாக வெளியே வந்து நிற்கும். அசையாதவை எல்லாம் சுழியத்தில் குவிந்துவிடும். அவற்றை வடிகட்டி எறிந்துவிட்டால் மிச்சம் இருப்பது நகர்பவை மட்டுமே.

160 ஹெர்ட்ஸ் என்றால் காதுக்கே கேட்குமே?

கேட்கும். பல ஆண்டுகள் அப்படித்தான் இந்த ரேடார்களை இயக்கினார்கள். 1960-களில் அமெரிக்கத் தரைப்படை வியட்நாமில் பயன்படுத்திய ஏ.என்/பி.பி.எஸ்-5 ரேடாரில் இயக்குபவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது ஆட்களை ஐந்தாறு கிலோமீட்டர் வரையிலும், வண்டிகளைப் பத்து கிலோமீட்டர் வரையிலும் பிடிக்கும்.

நடப்பவரின் ஒலி ஒரே சீரான ரீங்காரமாக இருக்காது. உடல் ஒரு வேகத்தில் முன்னேறுகிறது. கால் ஒவ்வொரு அடிக்கும் முன்னே பாய்ந்து நிற்கிறது. கை வீசி வீசி வருகிறது. அதனால் அடிநாதம் ஒன்று ஓட, அதன்மேல் "ச்சுர்... ச்சுர்..." என்று அடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அதே ரேடாரில் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் சீழ்க்கை மாதிரி கேட்கும். பழகிய காது வருவது ஒருவரா கும்பலா, வண்டியா என்று திரையைப் பார்க்காமலே சொல்லிவிடும். இன்று கணினி அதைச் செய்கிறது. ஆனாலும் ஹெட்போனை எடுத்துவிடக் கூடாது என்பது என் கருத்து. வகுப்பில் வரைபடம் காட்டி ஒரு மணி நேரம் விளக்கியும் புரியாத மாணவர்களுக்கு, அந்த ஒலியைப் பத்து நொடி கேட்டதும் புரிந்துவிடுகிறது.

கணினி எப்படி மனிதனையும் வண்டியையும் பிரிக்கிறது?

காது செய்ததைத்தான் எண்களில் செய்கிறது. அந்த ஒலியை வேகவாரியாகப் பிரித்து, நேரத்தோடு சேர்த்துப் படமாக விரித்துப் பார்க்கும். இதற்கு நுண் டாப்ளர் என்று பெயர்.

ஒரு சைக்கிளைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது. அச்சு சைக்கிளின் வேகத்தில் போகிறது. சக்கரத்தின் உச்சியோ இருமடங்கு வேகத்தில் முன்னே ஓடுகிறது. டாங்கியின் சங்கிலிப் பட்டையும் அப்படித்தான்: அடிப்பகுதி தரையோடு நிற்கும், மேற்பகுதி டாங்கியைப் போல இருமடங்கு வேகத்தில் பாயும். ரேடாருக்கு டாங்கியின் உடல் ஒரு வேகத்திலும் பட்டையின் மேல்பகுதி அதன் இருமடங்கிலும் தெரிந்தால், வருவது பட்டை வண்டி என்று ஊகிக்க இடமுண்டு. மனிதனுக்குக் கை கால் வீச்சு. ஹெலிகாப்டருக்குச் சுழலி.

மாடு, நாய், குதிரைதான் சிக்கல். நான்கு காலின் தாளம் இரண்டு காலின் தாளத்திலிருந்து வேறுபடும். ஆனால் தூரம் கூடக் கூட அந்த வேறுபாடு இரைச்சலில் கரைந்துவிடும். எல்லா நேரமும் சரியாகச் சொல்லும் கருவி இது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

அப்படியானால் அசையாமல் நின்றுவிட்டால் ரேடாரை ஏமாற்றிவிடலாமா?

நிற்பவரின் எதிரொலி பாறையின் எதிரொலியோடு சேர்ந்து வடிகட்டலில் போய்விடும். மிக மெதுவாக ஊர்ந்தாலும் ஏறக்குறைய அதே கதிதான். ஒவ்வொரு ரேடாருக்கும் அதற்குக் குறைந்த வேகத்தைப் பிடிக்க முடியாது என்று ஓர் எல்லை உண்டு.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. டாப்ளருக்குத் தெரிவது நம்மை நோக்கியோ நம்மைவிட்டோ போகும் வேகம் மட்டும். ரேடாரை மையமாக வைத்து வட்டமடித்து ஒருவர் ஓடினால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் தூரம் மாறுவதில்லை, டாப்ளர் சுழியம். 60 பாகை சாய்வாகப் போனால் உண்மை வேகத்தில் பாதிதான் தெரியும். குறுக்கே நடப்பவரிடமிருந்து கை கால் வீச்சின் சிறு எச்சம் வரக்கூடும், நம்பியிருக்க முடியாது.

இதற்கு மருந்து ரேடாருக்குள் இல்லை, அதை வைக்கும் இடத்தில் இருக்கிறது. ஒன்றுக்குக் குறுக்கே போவது பக்கத்து ரேடாருக்கு நேரே வருவதாக இருக்குமாறு, பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இரண்டை நிறுத்துகிறார்கள். மனிதர்கள் கிலோமீட்டர் கணக்கில் அசையாமலோ கச்சிதமான வட்டத்திலோ பயணம் செய்வதும் இல்லை. எப்போதாவது ஓர் அடி முன்னே வைத்தாக வேண்டும்.

எவ்வளவு தூரம் பார்க்கும்?

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் தூரம் ஒன்று, மலைச்சரிவில் கிடைக்கும் தூரம் வேறு.

முதல் தடை பூமியின் வளைவு. ஆன்டெனாவின் உயரத்துக்கும் இலக்கின் உயரத்துக்கும் மீட்டரில் வர்க்கமூலம் எடுத்துக் கூட்டி 4.1-ஆல் பெருக்கினால் ரேடார் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். இரண்டு மீட்டர் முக்காலியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தைப் பார்த்தால் சுமார் 10 கிலோமீட்டர். அதே ரேடாரை 20 மீட்டர் கோபுரத்தில் ஏற்றினால் 22 கிலோமீட்டருக்கு மேல். இது தட்டையான நிலத்துக்கு. நடுவில் ஒரு மேடு, ஓர் ஓடைப் பள்ளம், ஒரு சவுக்குத் தோப்பு இருந்தால் அதற்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. அதனால் இந்த வேலையில் முதல் ஆயுதம் நில வரைபடம்தான்; எந்த மேட்டில் ஏறினால் எந்தப் பள்ளம் மறையும் என்று பென்சிலால் குறிப்பவரே பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

இரண்டாவது தடை இன்னும் கொடியது. திரும்பி வரும் அலையின் வலு தூரத்தின் நான்காம் அடுக்கில் குறையும். தூரத்தை இருமடங்காக்க வேண்டுமென்றால் திறனைப் பதினாறு மடங்காக்க வேண்டும். இலக்கு சிறியதாக இருந்தாலும் இதே கணக்குதான், ஆனால் நமக்குச் சாதகமாக: மனிதனில் நூறில் ஒரு பங்கே அலையைத் திருப்பும் சிறு ட்ரோனை, மனிதனைப் பிடிக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பிடிக்கலாம்.

இடத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்லும்?

நீளவாக்கில் நன்றாக, அகலவாக்கில் சுமாராக. அலை ஒரு மைக்ரோநொடியில் போய்த் திரும்பும் தூரம் 150 மீட்டர். ஆகவே நொடியின் கோடியில் ஒரு பங்கே நீடிக்கும் துடிப்பு 15 மீட்டர் இடைவெளியைப் பிரித்துக் காட்டும். ஆனால் கற்றை 3 பாகை விரிந்திருந்தால் 5 கிலோமீட்டரில் அதன் அகலம் 260 மீட்டர். கற்றை இடமிருந்து வலமாகப் போகையில் எதிரொலி எங்கே உச்சம் தொடுகிறது என்று பார்த்துத் திசையை இன்னும் நெருக்கிச் சொல்லலாம். ஆனால் ஒரே தூரத்தில் அக்கம்பக்கமாக நடக்கும் இருவர் ஒருவராகவே தெரிவார்கள்.

இரவில் பார்க்கும் கேமரா இருக்கும்போது ரேடார் எதற்கு?

வெப்பக் கேமரா ஒரு சமயத்தில் ஒரு குறுகிய துண்டைத்தான் பெரிதாக்கிக் காட்டும். மணிக்கணக்கில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் காவலரின் கண் அசந்துவிடும். ரேடார் பரந்த பரப்பை ஓயாமல் துழாவும். ஆனால் அதன் திரையில் தெரிவது ஒரு புள்ளிதான். அவர் விறகு பொறுக்கப் போகிறவரா ஊடுருவ வருகிறவரா என்று அந்தப் புள்ளி சொல்லாது. அதனால்தான் ரேடார் புள்ளி வைத்த இடத்துக்குக் கேமரா தானாகத் திரும்பும்படி இரண்டையும் கட்டிவைக்கிறார்கள். சுடுவதா, வேண்டாமா என்ற முடிவை ஒரு புள்ளியை வைத்து எடுக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மூடுபனியில் ரேடாருக்குத் தனிச் சிறப்பு உண்டு. பஞ்சாப், ஜம்மு எல்லையில் மார்கழி, தை மாதங்களில் எதிரே நீட்டிய கை தெரியாத பனி இறங்கும். பனித்துளி ரேடார் அலைநீளத்தை ஒப்பிடத் தூசு; அலை அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். புழுதி, புகைக்கும் இதேதான்.

மழையும் காற்றும்?

இவைதான் எதிரிகள். மழைத்துளி பனித்துளியைவிடப் பல மடங்கு பெரியது, அலையைச் சிதறடிக்கும். காற்று அதைச் சாய்த்து ஓட்டும்போது அதற்கும் ஒரு வேகம் வந்துவிடும். காற்றில் ஆடும் புல்லும் கிளையும் அப்படியே: வேர் நகராவிட்டாலும் இலை நகர்கிறதே!

அமெரிக்காவின் அரிசோனா எல்லையில் இது பெரிய பாடமாக அமைந்தது. எஸ்.பி.ஐ.நெட் என்ற திட்டத்தை 2006-இல் தொடங்கினார்கள். கோபுரங்களில் ரேடாரும் கேமராவும் வைத்து மெக்சிகோ எல்லையைக் கண்காணிப்பது நோக்கம். முதலில் 28 மைல் நீளத்துக்குச் செய்த சோதனையில், மழையே ரேடாரைக் கிளப்பிவிட்டது. கேமராவும் ரேடாரும் சரியாகச் சேர்ந்து வேலை செய்யவில்லை. ஏறத்தாழ நூறு கோடி டாலர் செலவாகி, 53 மைல் மட்டும் முடிந்த நிலையில் 2011 ஜனவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

எச்சரிக்கை வரம்பைத் தாழ்த்தினால் இலை அசைந்தாலும் மணி அடிக்கும். உயர்த்தினால் ஆள் தப்பிப்பார். பொய் எச்சரிக்கை நாளுக்கு நூறு வந்தால், நான்காம் நாள் காவலர் ஒலியைக் குறைத்து வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நிறுவிய இடத்தின் புல்லையும் காற்றையும் பல வாரம் பதிவுசெய்து வரம்பை அதற்கேற்ப ஒழுங்கு செய்யாதவர்கள்தான் பொறுப்பு.

துடிப்பு ரேடார், தொடர் அலை ரேடார் என்று இருவகை சொல்கிறார்களே?

துடிப்பு ரேடார் சட்டென்று ஓர் அலையை விட்டு, எதிரொலிக்குக் காத்திருக்கும். தொடர் அலை ரேடார் நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், ஆனால் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே போகும். திரும்பி வருவது பழைய அதிர்வெண்ணில் இருக்கும், இப்போது போவது புதியதில் இருக்கும். இரண்டின் வித்தியாசமே தூரம். 50 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஏற்றி இறக்கினால் 3 மீட்டர் வரை பிரித்துப் பார்க்கலாம். இந்த முறையில் ஓரிரு வாட் திறனே பல கிலோமீட்டருக்குப் போதும். பேட்டரியில் ஓடும் கருவிக்கு இது பெரிய வரம்.

ரேடார் இருப்பதை எதிரி கண்டுபிடிப்பானா?

கண்டுபிடிக்கலாம், அதுவும் ரேடார் அவனைப் பார்க்கும் முன்பே. ரேடாரின் அலை போய்த் திரும்ப வேண்டும். எதிரியின் ஏற்பிக்கு ஒரு வழிப் பயணம்தான். திறனைக் குறைப்பது, அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே இருப்பது, தேவைப்படும்போது மட்டும் இயக்குவது ஆகியவை தற்காப்பு. ஆன்டெனாவை மேட்டில் நிறுத்திவிட்டு, கேபிள் இழுத்து, திரையோடு பள்ளத்தில் உட்கார்வது இன்னொன்று. குண்டு விழுந்தால் கருவி போகட்டும், ஆள் பிழைக்கட்டும் என்பதற்காக.

இந்தியாவில் இது தயாராகிறதா?

பெங்களூரில் உள்ள எல்.ஆர்.டி.இ. என்ற டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் பி.எஃப்.எஸ்.ஆர்-எஸ்.ஆர். என்ற குறுந்தொலைவு ரேடாரை வடிவமைத்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அதைத் தயாரிக்கிறது. பிரித்து முதுகில் சுமக்கலாம். ஊர்ந்து வருபவரைச் சில நூறு மீட்டரிலும், நடப்பவரைச் சில கிலோமீட்டரிலும், பெரிய வண்டியைப் பத்து கிலோமீட்டர் அளவிலும் பிடிக்கும்.

1999 கார்கில் போருக்குப் பிறகுதான் இந்த வகைக் கருவிகளின் அவசியம் பொதுவெளியில் உரக்கப் பேசப்பட்டது. அன்று ஊடுருவலை எப்படித் தவறவிட்டோம் என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம், கண்காணிப்பில் இருந்த ஓட்டைகளை அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது. 2018 செப்டம்பரில் ஜம்மு எல்லையில் ஒருங்கிணைந்த எல்லை மேலாண்மைத் திட்டத்தின் முன்னோட்டம் தொடங்கியது. வேலி போட முடியாத ஆற்றுப்படுகை, சதுப்பு நிலம் போன்ற இடங்களில் ரேடார், வெப்பக் கேமரா, நிலத்தடி உணரி எல்லாவற்றையும் ஒரே கட்டுப்பாட்டு அறையோடு இணைப்பது அதன் எண்ணம்.

இதையே விமானத்திலிருந்து செய்யலாமே?

செய்கிறார்கள். 1991 வளைகுடாப் போரில் சோதனை நிலையில் இருந்த, தரையைத் துழாவும் ரேடார் பொருத்திய இரண்டு அமெரிக்க ஜே-ஸ்டார்ஸ் விமானங்கள் ஈராக்கிய வண்டி வரிசைகளைப் பின்தொடர்ந்தன. மேலிருந்து பார்த்தால் மேடு மறைக்காது. ஆனால் விமானமே நகர்வதால் தரை முழுவதும் நகர்வது போல் தெரியும். அதைக் கழிப்பது தனிக்கலை, செலவும் அதிகம்.

பக்கத்தில் வசிப்பவர்களுக்கு உடல்நலக் கேடு உண்டா?

மைக்ரோவேவ் அடுப்பு எழுநூறு, எண்ணூறு வாட். இவ்வகைச் சிறு ரேடார்கள் பல ஒரு வாட்டிலிருந்து சில வாட் வரை. எக்ஸ் கதிர் மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் கதிரும் அல்ல. ஆன்டெனா அலையைக் குவிப்பதால் அதன் முகத்துக்கு நேரே ஒட்டி நிற்கக் கூடாது. எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது கருவியின் கையேட்டில் இருக்கும்.

யானை ரயிலில் அடிபடாமல் தடுக்க இதை வைக்கலாமா?

கோவைப் பக்கத்து மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் கேள்வி. கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

யானை பெரிய இலக்கு, திறந்த வெளியில் எளிதாக அகப்படும். ஆனால் அது வருவது காட்டுக்குள்ளிருந்து. 2 சென்டிமீட்டர் அலையை ஈரமான இலைகள் விழுங்கிவிடும். நீண்ட அலை இலையைக் கடக்கும், ஆனால் அதற்குப் பெரிய ஆன்டெனா வேண்டும். மதுக்கரையில் 2024-இல் வனத்துறை தண்டவாளத்தின் ஓரம் கோபுரங்கள் நிறுத்தி, வெப்பக் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த அமைப்பைத் தொடங்கியது. அந்த நிலத்துக்கு அது பொருத்தமான தேர்வு என்றே நினைக்கிறேன். தண்டவாளத்தை ஒட்டி மரம் வெட்டிய திறந்த பட்டையில், மூடுபனி நாட்களுக்காக, ஒரு சிறு ரேடாரைத் துணைக்குச் சேர்த்துப் பார்க்கலாம் என்பது என் ஆசை.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் காண்டாமிருக வேட்டையரைப் பிடிக்க ரேடாரும் கேமராவும் சேர்ந்த 'மீர்கேட்' அமைப்பை நிறுவியிருக்கிறார்கள். அது புதர்க்காடு, பார்வை நீளும். மேற்குத் தொடர்ச்சி மலை அப்படி இல்லை.

மாணவர்கள் சொந்தமாகச் செய்து பார்க்க முடியுமா?

முடியும், அவசியம் செய்யுங்கள். தானியங்கிக் கதவுகளில் இருப்பது போன்ற ஹெச்.பி.100 என்ற சிறு பலகை மின்னணுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 10.525 கிகாஹெர்ட்ஸ், 5 வோல்ட். அதன் வெளியீடு மிக நலிந்தது. ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லை வைத்து ஆயிரம் மடங்கு பெருக்கி, கணினியின் மைக் துளையில் கொடுத்து ஹெட்போனில் கேளுங்கள். நொடிக்கு ஒரு மீட்டருக்கு 70 ஹெர்ட்ஸ். சாதாரணமாக நடந்தால் நூறு ஹெர்ட்ஸ் அருகே.

அந்த நூறுதான் எங்களை ஒரு மாலை முழுவதும் அலைக்கழித்தது. ஆய்வகத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திரையில் மட்டும் ஒருவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்துகொண்டே இருந்தார். மின்விசிறியை நிறுத்தினோம், போகவில்லை. ஜன்னலைச் சாத்தினோம், போகவில்லை. கடைசியில் ஒரு மாணவி சுவிட்ச் பலகைக்குப் போய் டியூப் லைட்டை அணைத்தார், நடந்தவர் மறைந்துபோனார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப் லைட்டுக்குள் இருக்கும் வாயு நொடிக்கு நூறு முறை ஒளிர்ந்து தணிகிறது, ஒவ்வொரு முறையும் ரேடார் அலையைக் கூடுதலாகவும் குறைவாகவும் திருப்புகிறது. நடந்து வரும் மனிதனின் அதே நூறு. உங்கள் சோதனையை விளக்கை அணைத்துவிட்டே தொடங்குங்கள்.